உழைப்பவனுக்குச் சட்டக் கல்வி இல்லையா?

பகலில் ஜீவனத்துக்காக உழைப்பவன் சட்டம் படிக்கலாமா? இந்திய பார் கவுன்ஸிலின் விதிகளைப் படித்தால், கூடாது என்றே பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது. 2008-ஆம் வருஷத்து விதிகளின்படி, விடுதியோடு கூடிய கலாசாலைகள் நீங்கலாக, மற்றவற்றில் காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையிலேயே வகுப்புகள் நடக்க வேண்டும். வாரத்துக்கு 30 மணி நேரத்துக்குக் குறையலாகாது. நூற்றுக்கு 70 வகுப்புக்கு மாணவன் வந்திருக்க வேண்டும். 2024 செப்டம்பரில் வந்த சுற்றறிக்கையோ, படிக்கும் காலத்தில் உத்தியோகம் பார்த்ததுண்டா, எஜமானரின் ஆட்சேபணையின்மைப் பத்திரம் உண்டா என்றும் விசாரிக்கிறது. காலை 10 மணிக்கு ஆபீஸில் கையெழுத்திட்டு மாலை 6 மணிக்கு வெளிவரும் குமாஸ்தா என்ன செய்வான்?

வகுப்பையே காணாதவன் நீதிஸ்தலத்தில் நின்றால் கெடுவது கட்சிக்காரனுடைய குடும்பம். இதை நாம் மறுக்கவில்லை. கலாசாலைக்குச் செல்லாமலே பெண்கள் சட்டப் பரீட்சை எழுதக் கல்கத்தா சர்வகலாசாலை இடமளித்திருந்தது. அவ்விதம் தேறிய ஒரு மாதை வக்கீலாகப் பதிய பார் கவுன்ஸில் மறுத்ததை 1994-இல் சுப்ரீம் கோர்ட் ஊர்ஜிதம் செய்தது. ஆனால் 'வந்து படி' என்பது வேறு, 'பகலில்தான் வந்து படி' என்பது வேறு. அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் சர்வகலாசாலையில் பகல் மாணவன் மூன்று வருஷம் படிப்பதை மாலை மாணவன் நாலு வருஷத்தில் படிக்கிறான். பாடம் குறையவில்லை, காலம் நீள்கிறது, அவ்வளவே.

உத்தியோகத்தையும் வக்கீல் தொழிலையும் ஒருங்கே நடத்துவார்களே என்ற பயமும் வேண்டியதில்லை. முழுநேரச் சம்பளம் பெறுவோர் தொழில் நடத்தலாகாது என்று 49-ஆம் விதி ஏற்கெனவே தடுத்திருக்கிறது. உத்தியோகத்தை விட்ட பிறகே அவன் கறுப்பு அங்கி தரிக்க முடியும்.

பின் இந்தக் கடிகாரக் கட்டுப்பாட்டால் விளைவது என்ன? வசதியுள்ளவன் பகலில் படிக்கிறான். வசதியில்லாதவன் ஆசையைக் கைவிடுகிறான், அல்லது வராதவனை வந்தவனாகப் பதியும் கலாசாலையைத் தேடுகிறான். பொய்யில் தொடங்கும் சட்டக் கல்வி யாருக்கு நன்மை பயக்கும்?

அதே விதிகள் கலாசாலையின் புஸ்தகசாலையை மட்டும் இரவு 10 மணி வரை திறந்துவைக்க அனுமதிக்கின்றன. விளக்கு எரியலாமாம், ஆசிரியர் வாய்திறக்கலாகாதாம்!

மாலை 6 முதல் 9 வரை வகுப்பு, மூன்று வருஷப் பாடத்துக்கு ஐந்து வருஷம், மொத்த மணி நேரத்திலும் வருகையிலும் பரீட்சையிலும் எள்ளளவும் சலுகையின்மை: இதையே நாம் கேட்கிறோம். இதற்காகப் பார்லிமெண்டில் புதுச் சட்டம் வேண்டுவதில்லை. நேரத்தை வரையறுத்த விதி கவுன்ஸில் தானே வகுத்தது. அதைத் திருத்தும் அதிகாரமும் அதனிடமே இருக்கிறது.