நுழையும் முன் வெளியேறும் வழியை வாசியுங்கள்

ஒரு பரப்புக் காணி வாங்கும்போது எமது கமக்காரர் காட்டும் அவதானம் பெரிது. முன்னைய உறுதிகளைக் கேட்டு வாங்கி வாசிப்பிப்பார். நான்கு எல்லைகளையும் காலால் நடந்து பார்ப்பார். கிணற்றிலே பங்கு எவ்வளவு, வழி வாய்க்கால் உரிமை உண்டா, பங்காளியின் சம்மதம் பெறப்பட்டதா என்று பத்துப் பேரிடம் விசாரிப்பார். நொத்தாரிசு எழுதியதை ஒன்றுக்கு இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பின்னரே கையொப்பம் இடுவார். இத்துணை அவதானம் உள்ள ஒரு சமுதாயம், தன் பிள்ளைக்குக் கொழும்பிலே ஒரு தொடர்மாடி வீட்டை வாடகைக்கு எடுக்கும்போது மாத்திரம் கண்ணை மூடிக்கொள்வது ஏன்? தரகர் நீட்டிய ஆங்கிலப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் பத்து நிமிடத்தில் கையெழுத்து விழுந்துவிடுகின்றது. எத்தனை அறை, தண்ணீர் ஒழுங்காக வருமா, பாடசாலை எவ்வளவு தூரம், வாடகை எவ்வளவு என்பன யாவும் கேட்கப்படுகின்றன. கேட்கப்படாத கேள்வி ஒன்றே ஒன்று: தவணை முடியுமுன் இந்த ஒப்பந்தம் முடிவுக்கு வர நேர்ந்தால் யாருக்கு என்ன நட்டம்?

அந்தக் கேள்வியைக் கேளாமையால் வந்த நட்டத்தை நாம் எமது தொழிலிலே அடிக்கடி காண்கின்றோம். வலிகாமத்துக் கமக்காரர் ஒருவர், உத்தியோகம் பெற்று வந்த மகனுக்காக வெள்ளவத்தையில் ஒரு வீட்டை இரண்டு ஆண்டுத் தவணைக்கு எடுத்தார். மாத வாடகை எண்பதாயிரம் ரூபா. முதலாம் ஆண்டின் வாடகை முழுவதையும், 9,60,000 ரூபாவை, முற்பணமாகக் கட்டினார். வெங்காயத்திலும் புகையிலையிலும் சேர்ந்த பணம் அது. ஐந்தாம் மாத முடிவிலே மகனுக்கு மட்டக்களப்புக்கு இடமாற்றம் வந்தது. திறப்பைக் கையளித்து மீதி ஏழு மாதப் பணத்தைக் கேட்டபோது, வீட்டுக்காரர் பத்திரத்தின் ஒரு பந்தியைச் சுட்டிக் காட்டினார். தவணைக்கு முன் வெளியேறுபவர் செலுத்திய பணம் அனைத்தையும் இழப்பார் என்பது அதன் பொருள். அடுத்த மாதமே அவ்வீட்டில் வேறொரு குடும்பம் குடியேறியது. ஒரே வீட்டுக்கு, ஒரே மாதத்துக்கு, இரண்டு வாடகை!

அந்தப் பத்திரத்தை நாம் வாசித்தோம். குடியிருப்பவர் இரண்டு ஆண்டுக்கும் கட்டுண்டவர். வீட்டுக்காரரோ ஒரு மாத அறிவித்தலில் எக்காரணமும் கூறாது ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். ஒருவருக்குக் கதவு திறந்திருக்கின்றது, மற்றவருக்குப் பூட்டியிருக்கின்றது. இதனை ஒப்பந்தம் என்று அழைப்பதிலும் பார்க்க ஒருவர் மற்றவருக்கு இட்ட கட்டளை என்று அழைப்பதே பொருந்தும்.

இவ்விடயத்தில் சட்டம் என்ன சொல்கின்றது என்பதை எமது மக்கள் அறிந்திருத்தல் வேண்டும். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பவருக்குப் பெரும் காப்பு அளித்தது உண்மை. ஆனால் 1980ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின்னர் கட்டி வாடகைக்கு விடப்பட்ட வீடுகள் பெரும்பாலும் அக்காப்புக்கு வெளியே நிற்கின்றன. இன்று காலி வீதியின் இருமருங்கிலும் எழுந்து நிற்கும் தொடர்மாடிகள் பல இவ்வகையினவே. “வாடகைக்கு இருப்பவரை எழுப்ப முடியாது” என்ற பழைய கதையை நம்பி எவரும் இவ்வீடுகளில் குடிபுகுதல் கூடாது. அங்கே காப்பு, பத்திரத்தில் எழுதியது எதுவோ அதுவே. மேலும், 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக்குக் கொடுத்த இடத்தின் உடைமையை மீட்பதற்கு மாவட்ட நீதிமன்றத்திலே விரைவான நடைமுறை ஒன்றை வகுத்துள்ளது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும், அதுவரை இருந்துவிடலாம் என்ற கணக்கும் இனிச் சரிவராது.

இதனிலும் பழைய சட்டம் ஒன்று உண்டு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையும், உரிமம் பெற்ற நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகள் உடனிருக்கக் கையொப்பம் இடப்படாவிடின், சட்டத்தில் வலுவற்றது என்பது அதன் விதி. வயலைக் குத்தகைக்கு எடுப்பவருக்கும் வீட்டை எடுப்பவருக்கும் இவ்விதி ஒன்றே. தரகரின் மேசையில் எழுதிய இரண்டு ஆண்டுப் பத்திரம், குத்தகை என்ற முறையில் நிற்காது. அதன் கீழ்க் குடியிருந்து வாடகை கட்டி வருபவர் மாத வாடகைக் குடியிருப்பவராகவே கருதப்படுவார். அந்த நிலையில் இருபக்கத்தினரும் ஒரு முழு மாத அறிவித்தலால் உறவை முடித்துக்கொள்ளலாம்.

வலிகாமத்துக் கமக்காரரின் பத்திரம் அத்தகையதே. நொத்தாரிசு ஒப்பம் இல்லை. அதனை எடுத்துக் காட்டி நாம் கடிதம் எழுதினோம். வீட்டுக்காரர் அறிவித்தலுக்காக ஒரு மாத வாடகையையும், தரகுச் செலவுக்காக இன்னொரு மாத வாடகையையும் கழித்துக்கொண்டு 4,00,000 ரூபாவைத் திருப்பிக் கொடுத்தார். வழக்கின்றி விடயம் தீர்ந்தது. இதனை வெற்றி என்று நாம் பாராட்டவில்லை. பத்திரம் பழுதானமையால் வந்த தப்பு அது. அதே பந்தி முறையான நொத்தாரிசுப் பத்திரத்தில் இருந்திருப்பின் எமது வேலை பன்மடங்கு கடினமாகியிருக்கும். முறையற்ற பத்திரம் இருபுறமும் கூருள்ள கத்தி என்பதையும் மறத்தல் ஆகாது. இரண்டு ஆண்டு இருக்கலாம் என்று நம்பிப் பிள்ளைகளை அருகிலுள்ள பாடசாலையில் சேர்த்த குடும்பத்தை, அதே பழுதைக் காட்டி ஒரு மாத அறிவித்தலில் எழுப்பவும் முடியும் அல்லவா?

எனவே முறையான பத்திரம் எழுதப்படல் வேண்டும். அதிலே வெளியேறும் விதி நேர்மையாக அமைதல் வேண்டும். அந்த விதியில் பார்க்க வேண்டியவை நான்கு என்பது எமது கருத்து.

முதலாவது, உரிமை இருவருக்கும் சமமா என்பது. வீட்டுக்காரருக்கு இரண்டு மாத அறிவித்தல் என்றால் குடியிருப்பவருக்கும் இரண்டு மாதமே இருத்தல் வேண்டும். முதல் ஆறு மாதம் எவரும் முறிக்கலாகாது என்று எழுதுவதாயின் அந்தக் கட்டும் இருவரையும் கட்டுதல் வேண்டும். இடமாற்றம், உத்தியோக இழப்பு, குடும்பத்தில் மரணம் முதலிய காரணங்களுக்கு விலக்கு வேண்டுமாயின் அதனைப் பெயர் குறித்து எழுதுவித்தல் வேண்டும். அரசாங்க உத்தியோகத்தருக்கு இடமாற்றம் மழையைப் போன்றது. வரும் நாள் தெரியாது, வருவது நிச்சயம்.

இரண்டாவது, பணம். முற்பணமாகக் கட்டிய வாடகை வேறு. சேதத்துக்கு ஈடாக வைத்த வைப்புப் பணம் வேறு. பத்திரம் இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் அங்கே பிணக்கு விதைக்கப்படுகின்றது. குடியிராத மாதங்களின் வாடகை, எத்தனை நாளுக்குள், எந்தக் கழிவோடு திரும்பும் என்பது எண்ணால் எழுதப்படல் வேண்டும். “அனைத்தையும் இழப்பார்” என்ற சொல்லைக் கண்டால் பேனாவைக் கீழே வையுங்கள். இலங்கையிலிருந்து சென்ற தேயிலை விற்பனை வழக்கொன்றில், ஒப்பந்தம் முறிந்தால் கட்ட வேண்டிய தொகைக்கு அதனை எழுதியவர்கள் என்ன பெயர் இட்டார்கள் என்பது முடிவானது அன்று என 1912இல் கோமறைக் கழகம் கூறியது. அவ்வழக்கில் எழுதிய தொகை செல்லும் என்றே தீர்ந்தது. ஆயினும், நட்டத்தை நேர்மையாக மதித்து எழுதிய தொகையா, மற்றவரை அச்சுறுத்த எழுதிய தண்டமா என்று நீதிமன்றம் நோக்கும் என்ற நெறி அதனால் உறுதிப்பட்டது. ஆனால் அந்த நெறியின் பயனைப் பெற நீதிமன்றம் ஏறுதல் வேண்டும். ஏழு மாத வாடகைக்காக எத்தனை தவணைக்கு யாழ்தேவி ஏறி வருவது?

மூன்றாவது, அறிவித்தலின் முறை. வாய்ச்சொல்லும் தொலைபேசிச் செய்தியும் போதுமா, பதிவுத் தபாலில் எழுத்தில் வேண்டுமா, எந்த விலாசத்துக்கு, எந்தத் திகதியிலிருந்து மாதம் கணக்கிடப்படும் என்பன தெளிவாதல் வேண்டும். திறப்பைக் கையளிக்கும் நாளில் ஓர் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சுவர், குழாய், மின்மானி ஆகியவற்றின் நிலையை இருவரும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாள் பின்னர் பத்துக் கடிதங்களை மிச்சப்படுத்தும்.

நான்காவது, வீடு விற்கப்பட்டால் என்ன என்பது. எமது நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டத்தின்படி குத்தகை விற்பனைக்கு முந்தியது. வீட்டை வாங்குபவர் நடப்பிலுள்ள குத்தகையை மதித்தே வாங்குதல் வேண்டும். நொத்தாரிசு முன் எழுதிக் காணிப் பதிவகத்திலே பதிந்த குத்தகைக்கு இவ்வுரிமை வலுவானது. ஆனால் “விற்பனை ஏற்படின் ஒப்பந்தம் முடிவுறும்” என்ற ஒரே வரி, நூற்றாண்டுகளாக வந்த அந்தப் பாதுகாப்பை அழித்துவிடும். அந்த வரி இருக்கின்றதா என்று தேடுங்கள். இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். நீக்க மறுத்தால் போதிய காலமும் ஈடும் கேளுங்கள்.

“பத்திரம் ஆங்கிலத்தில் இருக்கின்றது; நாம் எப்படி வாசிப்பது?” என்று சிலர் கேட்கக்கூடும். கையொப்பம் இடுபவருக்குப் பத்திரத்தை வாசிக்க இயலாதாயின், நொத்தாரிசு அதனைச் சாட்சிகள் கேட்கும்படி வாசித்து விளக்குதல் வேண்டும் என்பது 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் விதித்த கடமை. அது தயவு அன்று, உரிமை. தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பிலே எழுதுவிப்பதற்கு எமது மக்கள் முப்பது ஆண்டுகள் போராடினர். எழுத்தில் பெற்ற அந்த உரிமையை, சொந்தப் பணத்தைச் சொந்தக் கையெழுத்தால் ஒப்படைக்கும் வேளையில் கேட்க வெட்கப்படுவது என்ன நியாயம்?

அரசியல் பத்திரிகையில் வாடகைப் பத்திரம் பற்றி எழுதுவானேன் என்று எண்ணுவோருக்கும் ஒரு சொல். ஒப்பந்தம் முறியும்போது என்ன என்று கேளாமையின் விலையை எமது இனத்தைப் போல் அறிந்தவர் சிலரே. 1957ஆம் ஆண்டு யூலை மாதத்தில் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. பிரதேச சபைகள் பற்றியும் குடியேற்றம் பற்றியும் மொழி பற்றியும் அதில் எழுதப்பட்டது. ஒருவர் விலகினால் என்ன என்பது எழுதப்படவில்லை. 1958 ஏப்ரிலில் அது கைவிடப்பட்டபோது எந்த மன்றத்துக்கும் கொண்டு செல்ல எமக்கு வழி இருக்கவில்லை. 1965ஆம் ஆண்டின் டட்லி - செல்வநாயகம் உடன்படிக்கையும் அவ்வாறே நிறைவேறாது போயிற்று. ஆட்சியாளரோடு செய்யும் உடன்படிக்கையில் அத்தகைய விதியைப் பெறுவது எளிதன்று என்பதை நாம் அறிவோம். வீட்டுக்காரரோடு செய்யும் உடன்படிக்கையில் அதனைக் கேட்பதற்குத் தடை யாது?

தலைநகரில் எமது மக்களின் இருப்பு பல முறை பலவந்தத்தால் அசைக்கப்பட்டது. 1983ஐ மறந்தவர் இலர். 2007ஆம் ஆண்டு யூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் இருந்த தமிழர் நூற்றுக்கணக்கில் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் தலையிட்டு அதனைத் தடுத்தது. அத்தகைய பலவந்தத்தை ஒரு வாடகைப் பத்திரம் தடுக்கும் என்று நாம் கூறவில்லை. பலவந்தத்தால் இழந்தது போதும். அசட்டையால் இழப்பதற்கு இனி ஒன்றும் மிஞ்சியிருத்தல் கூடாது என்றே கூறுகின்றோம்.

வீட்டுக்காரர்களுக்கும் எமது வேண்டுகோள் உண்டு. அவர்களில் எமது இனத்தவர் பலர். ஒரு வீட்டின் வாடகையில் முதுமையைக் கழிக்கும் ஓய்வூதியர் உளர். கணவனை இழந்த தாய்மார் உளர். குடியிருப்பவர் திடீரென வெளியேறினால் அவர்கள் அடுப்பிலும் நெருப்பு அணையும். 2022இன் நெருக்கடியில் எத்தனையோ குடும்பங்கள் வெளிநாடு சென்றபோது, வாடகை நிலுவையையும் மின்சாரப் பட்டியலையும் விட்டுச் சென்றோரும் இருந்தனர். நியாயமான அறிவித்தலும், வீடு வெறுமையாய்க் கிடந்த காலத்துக்கு ஈடும் அவர்களுக்கு உரியன. அதற்கு மேல் கேட்பது பேராசை. நாற்று நட்ட வயலிலிருந்து குத்தகைக்காரரை எழுப்பி விளைச்சலை அள்ளுபவரை எமது ஊர் எவ்வாறு மதிக்கும்? குடியிராத மாதத்தின் வாடகையை இரண்டு முறை வாங்குபவரும் அவ்வரிசையினரே.

எமது யோசனை எளியது. சட்டத்தரணிகள் சிலர் கூடி, இருபக்கத்துக்கும் நேரான வெளியேறும் விதியைக் கொண்ட மாதிரி வாடகைப் பத்திரம் ஒன்றைத் தமிழில் எழுதுதல் வேண்டும். அதனை ஊர்தோறும் உள்ள வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் சுவரில் ஒட்டி வைத்தல் வேண்டும். கொழும்புக்குப் பிள்ளையை அனுப்பும் தந்தை, பேருந்து ஏறுமுன் அதன் முன் நின்று ஒரு முறை வாசிக்கட்டும். தரகர் நீட்டும் பத்திரத்தோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இப்பணிக்கு முன்வரும் சட்டத்தரணிகளோடு சேர்ந்து உழைக்க நாம் ஆயத்தமாக உள்ளோம்.

காணி வாங்கும்போது எல்லையை நடந்து பார்ப்பது எமது முன்னோர் பழக்கிய பழக்கம். வாடகைப் பத்திரத்துக்கும் எல்லை உண்டு; அது கடைசிப் பக்கங்களிலே, சிறிய எழுத்திலே இருக்கின்றது. அங்கேயும் ஒரு முறை நடந்து பாருங்கள். திறப்பைக் கையில் வாங்குவது அதன் பின்னர் ஆகட்டும்.