அரிசி மூட்டைக்கு நன்றி, ஒப்பந்தம் எங்கே?



கொரோனா இனி உலக அவசரநிலை அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் தேதி அறிவித்தது. நம் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் அதற்கு வெகு முன்பே ஷெட்டுகள் திறந்து, லேத்துகள் ஓடத் தொடங்கிவிட்டன. தொழில் மீண்டுவிட்டது என்று மேடைகளில் பேசுகிறார்கள். ஆனால் அந்த ஊரடங்கில் வாங்கிய கடனுக்கு இன்னும் வட்டி கட்டுகிற குடும்பங்கள் நம் தெருக்களில் இருக்கின்றன. அன்று அடகுக்குப் போன நகை திரும்பாத வீடுகள் இருக்கின்றன. ஆகவே மீண்டது யார், மீளாதது யார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

உதவியை நாம் மறக்கவில்லை

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். அந்த நாட்களில் பல ஊர்களில் தொழிலதிபர்களும் அவர்களது சங்கங்களும் அரிசி கொடுத்தார்கள், உணவுப் பொட்டலம் கொடுத்தார்கள். கோவையில் 'கொடிசியா' எனப்படும் சிறுதொழில் அதிபர்கள் சங்கத்தின் கண்காட்சி வளாகம் 2020இல் கொரோனா சிகிச்சை மையமாயிற்று. இயந்திரங்களைக் காட்சிக்கு வைக்கிற கூடங்களில் நோயாளிகளுக்குக் கட்டில்கள் போடப்பட்டன. 2021இல் இரண்டாம் அலை அடித்தபோதும் அதே கூடங்கள் பயன்பட்டன. ஒரு தொழிலதிபர் சங்கம் நினைத்தால் ஊருக்கு எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இது சாட்சி. இதை மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் சங்கம் என்பது ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒரு கை சோறு போடும்போது இன்னொரு கை என்ன செய்தது என்றும் பார்க்க வேண்டும்.

வண்டியை நிறுத்திய கடிதம்

2020 மே 1ஆம் தேதி முதல் ரயில்வே 'ஷ்ரமிக்' சிறப்பு வண்டிகளை விட்டது. மாநில அரசு கேட்டால்தான் வண்டி கிடைக்கும் என்பது அன்றைய ஏற்பாடு. மே 5ஆம் தேதி பெங்களூரில் கட்டட அதிபர்களின் பிரதிநிதிகள் முதலமைச்சரைச் சந்தித்தார்கள். அன்றே மாநில அரசின் அதிகாரி தென்மேற்கு ரயில்வேக்குக் கடிதம் எழுதினார்: மறுநாள் முதல் வண்டிகள் தேவையில்லை! வேலை தொடங்கப்போகிறது, ஆட்கள் ஊருக்குப் போய்விட்டால் கட்டடம் யார் கட்டுவது என்பதே அவர்களது கவலை. நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகு இரண்டு மூன்று நாட்களில் அதே அரசு மீண்டும் வண்டி கேட்டு எழுதியது.

ரயில்வேயில் வேலை பார்க்கிற எங்களுக்கு இந்தச் சம்பவம் ஒரு பாடம். அன்று பெட்டிக்கும் எஞ்சினுக்கும் பஞ்சமில்லை. வண்டிகள் யார்டில் சும்மா நின்றன. மூட்டை முடிச்சோடு காத்திருந்த பீகார், ஒடிசா தொழிலாளியின் பயணத்தை நிறுத்தியது ஒரு சந்திப்பும் ஒரு கடிதமும்தான். முதலாளிகளுக்குச் சங்கம் இருந்தது. அது முதலமைச்சரின் அறைக்குள் போய் உட்கார்ந்தது. ஊருக்குப் போக வேண்டியவனுக்கு அங்கே நாற்காலி இல்லை.

ஆகஸ்ட் முடிவதற்குள் அந்தச் சிறப்பு வண்டிகள் 4,621 ஓடி, 63 லட்சம் பேரைச் சுமந்தன. அவற்றில் பயணம் செய்தபோது 97 பேர் இறந்ததாக அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. நம் தமிழ்க் குடும்பங்கள் இ-பாஸ் கிடைக்காமல் எல்லையில் பட்ட பாட்டையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும்.

பேசித் தீர்ப்பது யாரோடு?

2020 மார்ச் 29ஆம் தேதி மத்திய உள்துறை ஒரு உத்தரவு போட்டது: ஊரடங்குக் காலத்துக்கும் ஊதியத்தைப் பிடித்தம் இல்லாமல் கொடுக்க வேண்டும், வீட்டுக்காரர்கள் ஒரு மாதம் வாடகை கேட்கக் கூடாது. இதை எதிர்த்துச் சில கம்பெனிகளும், லூதியானா கைக்கருவி உற்பத்தியாளர் சங்கம் போன்ற அமைப்புகளும் உச்ச நீதிமன்றம் போயின. மே 18 முதல் உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. ஜூன் 12ஆம் தேதி நீதிமன்றம், ஊதியம் கொடுக்காத முதலாளிகள் மீது கட்டாய நடவடிக்கை வேண்டாம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றது.

பேசலாம் தோழர்களே. ஆனால் பேச எதிரே ஆள் வேண்டாமா? மேஸ்திரியின் கீழ் பத்துப் பேராக வேலை செய்கிற காண்ட்ராக்ட் தொழிலாளியின் பெயர் கம்பெனிப் பதிவேட்டிலேயே இல்லை. அவன் எந்தக் கதவைத் தட்டிப் பேசுவான்?

அடுத்து வேலை நேரம். 2020 மே 22இல் கர்நாடக அரசு ஆலைகளில் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 60 மணி வேலைக்கு அனுமதி கொடுத்தது. தொழிற்சங்கங்கள் உயர் நீதிமன்றம் போயின. ஜூன் மாதமே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. சங்கத்தின் பலம் அது. ஆனால் 2023 பிப்ரவரியில் சட்டத்திருத்தமாகவே வந்து, தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதத்தோடு ஒரு நாளில் 12 மணி வரை வேலை வாங்க வழி செய்தார்கள். வேலை போய்விடும் என்று பயப்படுகிறவன் கொடுக்கிற சம்மதம் எப்படிப்பட்டது என்பது நமக்குத் தெரியும்.

சின்ன முதலாளியின் கஷ்டம்

எல்லா முதலாளியையும் ஒரே தராசில் நிறுப்பது நமது வழக்கமல்ல. ஜாப் ஒர்க் செய்து பிழைக்கிற சிறு ஷெட்காரர் பலர் நேற்று நம்மோடு லேத்தில் நின்றவர்களே. இரும்பு விலை ஏறியதில் அவர்களும் நசுங்கினார்கள். 2021 டிசம்பர் 20ஆம் தேதி மூலப்பொருள் விலை உயர்வை எதிர்த்து நாடு முழுவதும் சிறுதொழில் அதிபர்கள் கடையடைத்துப் போராடினார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது.

ஆனால் அவர்கள் மீள ஒரு வழி இருந்தது. 2020 மே மாதம் அரசு உத்தரவாதத்துடன் 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் திட்டம் அறிவிக்கப்பட்டது. பிறகு அது 5 லட்சம் கோடியாக உயர்ந்தது. நமக்கு உத்தரவாதம் கொடுத்தது யார்? மளிகைக் கடைக்காரரும் வட்டிக் கடைக்காரரும்தான். வேலை இழந்த தொழிலாளிக்கு மூன்று மாதம் வரை பாதிச் சம்பளம் கொடுக்கும் திட்டம் இ.எஸ்.ஐ.யில் இருந்தது உண்மை. ஆனால் இரண்டு ஆண்டு இ.எஸ்.ஐ. கணக்கு இருந்தவனுக்குத்தான் அது. கணக்கே இல்லாதவனுக்கு அது ஏட்டுச் சுரைக்காய்.

நாம் கேட்பது

ஹெப்பாள், மேட்டகள்ளி, ஹூட்டகள்ளி பகுதித் தொழிலதிபர்களின் அமைப்புகளுக்கு நமது வேண்டுகோள் இதுதான். அடுத்த கஷ்டம் வந்த பிறகு மூட்டை தூக்கி வர வேண்டாம். இப்போதே நம்மோடு ஒரு மேசையில் உட்காருங்கள். கீழ்க்கண்டவற்றை எழுதிக் கையெழுத்திடுங்கள்.

1. காண்ட்ராக்ட் ஆட்கள் உட்பட எல்லாத் தொழிலாளர் பெயரும், சொந்த ஊரும் ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும். அதன் நகல் தொழிலாளர் தரப்பிடமும் இருக்க வேண்டும்.

2. சம்பளம் வங்கி வழியாக, சீட்டோடு வர வேண்டும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும்.

3. ஆளுக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு ஷெட்டும் மாதந்தோறும் போட்டுவைக்கிற ஆபத்து நிதி ஒன்று வேண்டும். அதை இரு தரப்புக் கமிட்டி நிர்வகிக்க வேண்டும்.

4. ஊருக்குப் போய்வரும் பயணச் செலவு எழுத்தில் வேண்டும். வேறு மாநிலத் தொழிலாளர்க்கான 1979ஆம் ஆண்டுச் சட்டத்தில் பயணப்படி இருந்தும் 2020இல் எத்தனை பேருக்குக் கிடைத்தது? 2025 நவம்பர் 21 முதல் அமலாகும் என்று அறிவிக்கப்பட்ட புதிய சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது.

நமது கடமை

கேட்பதோடு நம் வேலை முடியாது. இந்த மாதமே ஒவ்வொரு வீட்டிலும் காகிதங்களை எடுத்துப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவைச் செய்யாதவர்கள் செய்துவிடுங்கள். தமிழ்நாடு 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் சேர்ந்தது. ஊர் அட்டையில் பி.எச்.எச். அல்லது அந்தியோதயா என்று இருந்தால் மைசூர் ரேஷன் கடையிலும் அரிசி வாங்கலாம். மற்ற அட்டைகளுக்கு அந்த வசதி இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கணக்கு வழக்கைப் பெண்கள் கையில் எடுத்துக்கொண்டால் வேலை ஒழுங்காக நடக்கும். ஊரடங்கில் குடும்பத்தைக் கரை சேர்த்ததும் அவர்கள்தானே.

இன்னொன்று. இன்று நம் பக்கத்து மெஷினில் நிற்பவன் ஒடிசாக்காரனாகவோ பீகார்க்காரனாகவோ இருக்கலாம். நம் கூலியைக் குறைக்க வந்தவன் என்று அவனைப் பார்ப்பவர்கள், நம் அப்பன் பாட்டன் இந்த மண்ணுக்கு வந்தபோதும் அதே பேச்சு எழுந்ததை நினைத்துப் பார்க்கட்டும். கன்னடத் தோழனும், தமிழ்த் தோழனும், வடக்கத்தித் தோழனும் ஒரே பதிவேட்டில் இருந்தால்தான் அந்தப் பதிவேட்டுக்கு மதிப்பு.

நூறாண்டுக்கு முன் இந்த மைசூர்ச் சீமையைப் பிளேக் உலுக்கியது. அந்த நோயின் அனுபவத்துக்குப் பின் 1903இல் மைசூரில் நகர அபிவிருத்தி டிரஸ்ட் போர்டு அமைந்தது. தெருவும் சாக்கடையும் திருந்தின. ஒரு கொள்ளைநோய் போகும்போது ஊருக்கு ஒரு நல்ல ஏற்பாட்டை விட்டுப்போக முடியும். கொரோனா ஹெப்பாளுக்கு விட்டுப்போனது என்ன? இதுவரை கடன் மட்டுமே. ஏற்பாட்டை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

கொடுப்பவர் மனசைப் பொறுத்தது தானம். இரு தரப்பும் கையெழுத்திட்டது ஒப்பந்தம். முதலாளிகள் சங்கமாகப் பேசுகிறார்கள். நாமும் சங்கமாகவே பேசுவோம். வரும் மாதக் கூட்டத்துக்குக் குடும்பத்தோடு வாருங்கள். சம்பளச் சீட்டையும் இ.எஸ்.ஐ. எண்ணையும் கையோடு கொண்டுவாருங்கள். இல்லாதவர்கள் அவசியம் வாருங்கள்.