மருத்துவம் படிக்க விரும்பும் எமது பிள்ளைகளும் நூதனசாலையும்

கடந்த ஆண்டு மாரிக்கு முன் ஒரு தாய் தன் மகளுடன் எம்மிடம் வந்தார். இரண்டு தடவை இடம்பெயர்ந்து, இன்றும் குத்தகைக் காணியில் மிளகாயும் கச்சானும் செய்யும் குடும்பம். "பாதர், இவள் டொக்டருக்குத்தான் படிப்பன் எண்டு நிக்கிறாள். தோட்டை ஈடு வைச்சு ரியூசனுக்கு விட்டிருக்கிறன். சரிவருமோ?" என்று கேட்டார். நாம் மகளிடம், "வைத்தியர் ஒருவர் வேலை செய்வதை எங்கே பார்த்திருக்கிறாய், பிள்ளை?" என்றோம். "கிளினிக்கில அம்மம்மாவோட வரிசையில நிக்கேக்க, கதவு திறக்கிற நேரம் பார்த்தனான்" என்றாள்.

அந்த விடை எம்மைச் சிந்திக்க வைத்தது. கதவு திறக்கும் கணத்தில் கண்டதை வைத்தே எமது பிள்ளைகள் தம் வாழ்க்கையின் பெரிய முடிவை எடுக்கிறார்கள். பெற்றோர் நகையை ஈடு வைக்கிறார்கள். நகரத்துப் பிள்ளைக்கு மாமனோ அயலவரோ வைத்தியராக இருப்பார், கேட்டு அறியலாம். எமது பிள்ளைக்கு அப்படி யாரும் இல்லை. இந்தக் குறையை ரியூசன் தீர்க்காது. விடயம் தெரிந்த ஒருவரின் துணையோடு நூதனசாலைக்குப் போய்வருவது ஓரளவேனும் தீர்க்கும் என்பதே எமது கருத்து.

"நூதனசாலையா? அது சுற்றுலா அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். எமது முதல் அனுபவம் அப்படித்தான் முடிந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஐம்பது மாணவரை பஸ்ஸில் ஏற்றி ஒரு நூதனசாலைக்குக் கொண்டுபோனோம். நாற்பது நிமிடத்தில் எல்லா அறைகளையும் சுற்றிவிட்டு ஐஸ்கிறீம் கடைக்குப் போய்விட்டார்கள். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டோம். "பழைய சாமான்கள்" என்றார்கள். பிழை பிள்ளைகளில் அல்ல. அவர்களோடு நின்று கேள்வி கேட்க நாம் ஒருவரையும் ஏற்பாடு செய்யவில்லை.

அடுத்த முறை எட்டுப் பேர் மட்டும் போனோம். அந்தத் தாயின் மகளும் வந்தாள். எமது பகுதியில் பிறந்த இளம் வைத்தியர் ஒருவர் துணைக்கு வந்தார். வவுனியாவிலிருந்து ஏ9 வீதியில் மதவாச்சி தாண்டினால் மிகிந்தலை. அங்கே மலையடிவாரத்தில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மருத்துவமனை ஒன்றின் அத்திவாரங்களும், மனித உடலின் வடிவில் குடைந்த கல்தொட்டியும் உள்ளன. நோயாளியைக் கிடத்தி மூலிகை எண்ணெயிலோ கசாயத்திலோ ஊறவைக்கும் தொட்டி அது. வைத்தியர் உடனே விளக்கம் சொல்லவில்லை. "பத்து நிமிடம் பேசாமல் பாருங்கள். படம் கீறுங்கள். பெட்டி மாதிரி வெட்டாமல் ஏன் இப்படி வெட்டினார்கள்?" என்று கேட்டார். ஒரு தோட்டக்காரரின் மகன், "இப்படி வெட்டினால் கொஞ்ச எண்ணெய் காணும், சேர்" என்றான். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை மிச்சம் பிடித்த கை அல்லவா! தான் அறிந்த ஒன்று மருத்துவத்திலும் பயன்படும் என்று அன்று அவன் கண்டான்.

பொலநறுவை நூதனசாலையிலும் இப்படிப் பார்க்கப் பல உண்டு. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு கட்டுவித்த ஆளாகன பிரிவேனாவின் மருத்துவமனையில் கிடைத்த சத்திரசிகிச்சைக் கருவிகள் அங்கே உள்ளன. கத்தரிக்கோலைக் காட்டி, "இன்றைய கருவியிலிருந்து இது எதில் மாறுபடுகிறது?" என்று கேட்க ஒருவர் இருந்தால் போதும், பாடம் தொடங்கிவிடும்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மருத்துவர் கல்லூரி ஒன்று 1863 முதல் மட்டர் நூதனசாலையை நடத்துகிறது. மருத்துவத் துறையில் நாட்டமுள்ள பாடசாலை மாணவருக்கு வழிகாட்டும் திட்டங்களையும் அது நடத்தி வந்திருக்கிறது. அங்கே வியன்னாவின் உடற்கூற்றியல் பேராசிரியர் ஜோசப் ஹிர்ட்ல் சேர்த்த 139 மண்டையோடுகள் உள்ளன. இறந்தவரின் பெயர், வயது, ஊர், தொழில், இறந்த காரணம் என்பன பலவற்றில் எழுதப்பட்டுள்ளன. மண்டையின் வடிவைப் பார்த்து ஒருவரின் அறிவையும் குணத்தையும் சொல்லலாம் என்று பலர் நம்பிய காலம் அது. அது பொய் என்று காட்டவே ஹிர்ட்ல் அவற்றைச் சேர்த்தார். "முகாமில வளர்ந்ததுகளுக்கு எங்கை மூளை" என்று எமது பிள்ளைகளின் காதுபடச் சொன்னவர்களை நாம் அறிவோம். அந்த 139 மண்டையோடுகளின் கதையை எமது பிள்ளைகள் கட்டாயம் கேட்க வேண்டும்.

இன்னொரு கதையும் உண்டு. அயர்லாந்தைச் சேர்ந்த மிக உயரமான மனிதர் சார்ள்ஸ் பேர்ண் 1783இல் இலண்டனில் இறந்தார். வயது 22. தன் உடலை வைத்தியர்கள் எடுத்துவிடுவார்கள் என்று அஞ்சி, கடலில் அடக்கம் செய்யும்படி நண்பர்களிடம் கேட்டிருந்தார். சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் ஹன்ரர் பணம் கொடுத்து அந்த உடலைப் பெற்றார். எலும்புக்கூடு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் காட்சிக்கு இருந்தது. 2023இல் ஹன்ரர் நூதனசாலை மீளத் திறக்கப்பட்டபோதுதான் அது காட்சியிலிருந்து அகற்றப்பட்டது. ஆராய்ச்சிக்கென இன்னும் வைத்திருக்கிறார்கள். 2009இல் உறவுகளின் உடலை வழியில் விட்டு வந்தவர்களுக்கு இதன் கனத்தை நாம் விளக்கத் தேவையில்லை. உடலைக் கற்கும் முன், அந்த உடலுக்குரியவரிடம் அனுமதி பெற வேண்டும் என்பதைப் பிள்ளை கற்கட்டும். இதைப் பரீட்சைத்தாள் கேட்காது. கூட நிற்பவர்தான் கேட்க வேண்டும்.

வேறொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மாவட்ட ஒதுக்கீடு இருந்தும், விரும்பிய எல்லோருக்கும் மருத்துவ பீடம் கிடைப்பதில்லை. மூன்று தடவை உயர்தரம் எழுதி, மனமுடைந்து வீட்டில் இருக்கும் பிள்ளைகள் எம்மிடையே உண்டு. ஆகவே துணைக்கு வருபவர் வைத்தியராகவே இருக்க வேண்டும் என்றில்லை. தாதியர், மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர் யாரும் வரலாம். நோயாளிக்கு உதவும் கைகள் பல என்று பிள்ளை முன்பே கண்டிருந்தால், ஒரு கதவு மூடினாலும் இன்னொன்றைத் தட்டும்.

செலவும் பெரிதல்ல. எட்டுப் பிள்ளைகள், ஒரு துணைவர், ஆளுக்கொரு கொப்பி, கட்டுச்சோறு, பஸ் காசு. போகுமுன் ஒரு மாலை கூடிக் கதைக்க வேண்டும். வந்தபின் பிள்ளைகள் கண்டதைப் பெற்றோர் முன் சொல்ல வேண்டும். அந்தத் துணைவர் ஒரு நாளோடு விட்டுவிடாமல் உயர்தரப் பரீட்சை வரை பிள்ளைகளோடு தொடர்பு வைத்திருக்க வேண்டும்.

உங்கள் ஊரில் படித்து இன்று வைத்தியசாலையில் கடமையாற்றும் பிள்ளை யாரேனும் இருப்பார். அவரிடம் காசு கேட்க வேண்டாம். வருடத்தில் ஒரு சனிக்கிழமையைக் கேளுங்கள்.