குரல் வாய்க்காத பாடகர்கள்

கானகத்தின் இசை என்றதும் நம் கட்டுரைகளில் குயில் கூவிவிடும். பிறவியிலேயே இனிய குரல் பெற்றதைப் புகழ்வது எளிது. நாம் இங்கே எடுத்துக்கொள்வது அந்தக் குரல் வாய்க்காத உயிர்களை.

மரங்கொத்திக்குப் பாட்டு வராது, கத்தத்தான் தெரியும். ஆகவே அது உள்ளே கூடுவிட்ட காய்ந்த கிளையைத் தேடிப் பிடித்து, அலகால் படபடவென்று முழக்குகிறது. இரைக்காகக் கொத்துவது வேறு, இது வேறு. மற்றப் பறவைகள் பாடிச் சொல்லும் செய்தியை இது தட்டிச் சொல்கிறது. தகரக் கூரை கிடைத்தால் அதையும் விடுவதில்லை!

ஆஸ்திரேலியாவின் வடகோடியில், கேப் யார்க் காடுகளில், பாம் காக்கட்டூ என்னும் கரிய பெருங்கிளி வாழ்கிறது. ஆண்கிளி ஒரு குச்சியை ஒடித்து, அளவாக நறுக்கி, காலில் பற்றிக்கொண்டு பொந்துள்ள மரத்தில் தட்டுகிறது. 18 கிளிகளின் 131 முழக்கங்களை ஆராய்ந்து 2017இல் அறிஞர்கள் வெளியிட்ட முடிவு: தாளம் சீரானது, ஒவ்வொரு கிளிக்கும் தனி நடை உண்டு.

போர்னியோவில் நீர் தேங்கிய மரப்பொந்தில் அமர்ந்து கத்தும் ஒரு சிறு தவளை, பல சுருதிகளில் கத்திப் பார்த்து, பொந்து எதிரொலித்து முழங்கும் சுருதியில் நிலைத்துவிடுகிறது. நீரின் அளவை மாற்றினால் சுருதியையும் மாற்றிக்கொள்கிறது. நம் ஜலதரங்கக் கலைஞர் கிண்ணத்தில் நீரைக் கூட்டிக் குறைப்பது நினைவுக்கு வரவில்லையா?

நம் மனத்தை மிகவும் கவர்ந்தது தென்னிந்தியப் புதர்க்காடுகளில் வாழும், சுவர்க்கோழி இனத்தைச் சேர்ந்த ஒரு பூச்சி. ஆண்பூச்சி இறக்கைகளை உரசி ஒலி எழுப்புகிறது. இறக்கையின் முன்புறத்து ஒலியும் பின்புறத்து ஒலியும் விளிம்பில் கலந்து ஒன்றையொன்று அழிப்பதால் ஓசை மங்குகிறது. அதற்கு அது கண்ட வழி என்ன? இலையின் நடுவே துளையிட்டு, அதில் இறக்கைகளைப் பொருத்திப் பாடுகிறது. இலை தடுப்பாக நிற்க, ஓசை பெருகுகிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 2020இல் கண்டறிந்தது இன்னும் சுவையானது: இந்த உபாயத்தை மிகுதியாகக் கையாள்பவை சிறிய உடலும் மெலிந்த ஒலியும் உடையவையே!

"துணையைத் தேடும் ஓசை எப்படி இசையாகும்?" என்பார் உளர். குழந்தையைத் தூங்க வைக்கத்தான் தாலாட்டு. நீர் இறைக்கத்தான் ஏற்றப்பாட்டு. பயன் இருப்பதால் அவற்றை இசையல்ல என்று யாரும் தள்ளுவதில்லையே!

பள்ளிகளில் இசை என்றால் குரல் தேர்வுதான். ஆறாம் வகுப்பில் பின்வரிசைக்கு அனுப்பப்பட்ட மாணவி, பள்ளியை விட்டுப் போகும்வரை உதட்டை மட்டும் அசைக்கிறாள். அவள் கையில் கஞ்சிராவோ கடமோ கொடுத்துப் பார்க்கலாகாதா? "பெண்பிள்ளைக்கு மேளம் எதற்கு?" என்று கேட்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வோம்: விக்கு விநாயக்ராமிடம் கடம் பயின்ற சுகன்யா ராம்கோபால், பெண்களே வாசிக்கும் தாளக் குழு ஒன்றை 1986இல் அமைத்தார்.

அடுத்த ஆண்டு விழாவில் பாடற்குழுவுக்குப் பக்கத்தில் ஒரு தாளக் குழுவும் அமர வேண்டும் என்பது நம் கருத்து. பெருஞ்செலவு வேண்டாம். ஜலதரங்கத்துக்குத் தேவை பீங்கான் கிண்ணங்களும் இரண்டு குச்சிகளும் தண்ணீரும். கிண்ணங்கள் விடுதிச் சமையலறையில் இருக்கின்றன. கேட்டால் சிஸ்டர் தரமாட்டேன் என்றா சொல்லப்போகிறார்கள்?