படிக்க இயலாத எழுத்து

ஈஜிபுராவுக்குப் புதிதாகக் குடிவந்த தமிழ்ச் சிறுவன் கடைப் பலகைகளை அண்ணாந்து பார்க்கிறான். கன்னட எழுத்து அவனுக்கு இன்னும் தெரியாது. ஆயினும் அதன் சுழிகளையும் வளைவுகளையும், சிவப்புப் பலகையில் தீட்டிய மஞ்சளையும் அவன் கண் நன்கு காண்கிறது. படிக்கத் தெரிந்தவர்களோ கடையின் பெயரை மட்டும் அறிந்துகொண்டு கடந்துவிடுகின்றனர்.

நவீன ஓவியம் எதிர்பார்ப்பது இச்சிறுவனின் பார்வையையே. 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த கே. சி. எஸ். பணிக்கர், சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தவர். 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை நிறுவியவர். 1963இல் அவர் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையில் கட்டங்களும் முக்கோணங்களும் கணக்குக் குறிகளும் நிறைந்துள்ளன. வரிவரியாக எழுத்துகளும் உண்டு. அவை மலையாள எழுத்தை ஒத்திருப்பினும், மலையாளம் அறிந்தவராலும் பெரும்பாலும் படிக்க இயலாதவை.

“இதற்கு என்ன பொருள்?” என்று கேட்போர் பலர். “குழந்தைகூட இப்படிக் கிறுக்கும்” என்பாரும் உளர். இவை முறையல்ல. வாசலில் இட்ட சிக்குக் கோலத்திற்கு எவரும் பொருள் கேட்பதில்லை. கோடு எந்தப் புள்ளியையும் விடாமல் சுற்றி வந்து சேர்கிறதா என்றே பார்க்கின்றனர். ஓவியத்திலும், பச்சைக்கு அருகில் வைத்த சிவப்பு ஏன் கூடுதலாக ஒளிர்கிறது, ஒரு சிறு முக்கோணத்தை நீக்கினால் படம் எப்பக்கம் சாய்ந்துவிடும் என்று பார்த்தல் வேண்டும். கிறுக்கலில் எதை நீக்கினாலும் ஒன்றும் கெடாது.

பெங்களூரு அரண்மனைச் சாலையிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்திற்கு அச்சிறுவனை இவ்வாண்டே அழைத்துச் செல்லலாம். அடுத்த ஆண்டுக்குள் அவன் கன்னடம் படிக்கத் தொடங்கிவிடுவான்.