கடுக்காய் மட்டும் வேணும், கதை வேணாமா?

ரொம்ப நாளா மனசுல கிடந்த பதிவு இது. ஆபீஸ்ல ஆணி அதிகம்ங்கறதால தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். போன வாரம் ஆம்பூர் டீக்கடையில ஒரு நண்பர் வாயைக் கிண்டிட்டார். அதான் இன்னிக்கே உட்கார்ந்துட்டேன்.

பேச்சு இங்கதான் ஆரம்பிச்சது. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்துல பிரௌனிங்னு ஒரு ஊர். அங்க ப்ளாக்ஃபீட் பழங்குடிகள் 1974-ல் தங்களுக்குன்னு ஒரு கல்லூரி ஆரம்பிச்சாங்க. அவங்க மொழி, வரலாறு, பண்பாடு எல்லாம் அங்கே பாடம். தாய்மொழி பேசினதுக்காக விடுதிப் பள்ளிக்கூடத்துல அடி வாங்கின தலைமுறையோட பேரப்பிள்ளைகள், இப்போ அதே மொழியைப் படிச்சு மதிப்பெண் வாங்கறாங்க. இதைச் சொல்லிட்டு, "நம்ம ஜவ்வாது மலை மலையாளிங்களுக்கும் இப்படி ஒண்ணு வேணும்"னேன்.

நண்பர் சிரிச்சார். "இன்னாபா நீ, அவங்க பேசறது தமிழ்தான? கொச்சைத் தமிழுக்கு ஒரு காலேஜா? சோறு போடுமா அது?"

வெளியூர்ப் பதிவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த மலையாளிகளுக்கும் கேரளாவுக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்பவர்ங்கற அர்த்தத்துல வந்த பெயர். தமிழ்நாட்டுப் பழங்குடிகள்ல எண்ணிக்கையில பெரிய சமூகம் இவங்கதான். 2011 கணக்கெடுப்புப்படி மூன்றரை லட்சம் பேருக்கு மேல. ஜவ்வாது, ஏலகிரி, சேர்வராயன், கொல்லி, பச்சைமலைன்னு பரவி இருக்காங்க. ஆம்பூர், வாணியம்பாடியில இருந்து தெற்கே பார்த்தா தெரியற மலை அவங்களோடது.

"கொச்சைத் தமிழ்"னு சொன்ன நண்பருக்கு முதல் பதில். நீங்களும் நானும் மெட்ராஸுக்கோ மதுரைக்கோ போய் "அங்க கீது, வந்துகினு கீறேன்"னு பேசினா என்ன ஆகும்? சிரிப்பாங்க. அந்தச் சிரிப்பை வாங்கின நாமதான் மலைக்காரங்களைப் பார்த்து அதையே சிரிக்கிறோம்.

நானும் சிரிச்சவன்தான். பல வருஷம் முன்னாடி நான் வேலை செஞ்ச ஷூ கம்பெனியில புதூர்நாட்டுப் பையன் ஒருத்தன் சேர்ந்தான். வாயைத் திறந்தாலே சுத்தி இருக்கறவங்க அவன் பேச்சை இழுத்து இழுத்துத் திருப்பிச் சொல்வாங்க. நானும் சொன்னேன். ஒரு மாசத்துல அவன் பேசறதையே குறைச்சிட்டான். ரெண்டாவது மாசம் நம்ம மாதிரியே பேச ஆரம்பிச்சான். "பரவால்ல, தேறிட்டான்"னு பாராட்டினோம். அதை நினைச்சா இப்பவும் கூசுது.

அவன்கிட்ட ஒரு நாள் கேட்டேன், உங்க ஆளுங்க எங்கேருந்து வந்தாங்கன்னு. தர்ஸ்டன்னு ஒரு வெள்ளைக்காரர் 1909-ல் வெளியிட்ட ஏழு தொகுதிப் புத்தகத்துல ஒரு கதை இருக்கு. காஞ்சிபுரத்துல இருந்து ஏழு பேர் ஏழு நாய்களோட கிளம்பறாங்க. பாலாறு கரைபுரண்டு ஓடுது. ஆட்கள் நீந்திக் கடந்துட்டாங்க, நாய்கள் பாதியில திரும்பி ஊருக்கே ஓடிடுச்சு. நாய் மட்டும் வந்ததைப் பார்த்த மனைவிமார், புருஷன் செத்துட்டான்னு முடிவு கட்டிட்டாங்க. திரும்பி வந்தவங்களுக்கு வீட்டில் இடமில்லை. மலை ஏறிட்டாங்க. இதைச் சொன்னதும் பையன் சொன்னான்: "எங்க ஆயா வேற மாதிரி சொல்லும் சார்."

எப்படின்னு நான் கேட்கலை. லஞ்ச் பெல் அடிச்சிடுச்சு.

வெள்ளைக்கார அதிகாரி கேட்டு எழுதினது நூலகத்துல இருக்கு. ஆயா சொன்னது ஆயாவோட போயிடும். நான் கேட்கற படிப்பு இதுக்குத்தான். நம்ம பாலாறு அவங்க கதையில ஓடுது. நாம தோல் கழிவைக் கலந்து அந்த ஆத்தையும் கெடுத்தோம், கதையையும் கேட்கலை.

மலையில இருந்து நாம எதையுமே எடுக்கலையா? எடுத்தோமே! குரோம் வர்றதுக்கு முன்னாடி தோலை ஆவாரம்பட்டையில ஊறப்போட்டு, அப்புறம் கடுக்காய்ல பதம் செய்வாங்க. அந்தக் கடுக்காய்க்குப் பேர் போன மலை ஜவ்வாது. காவலூர்ல தொலைநோக்கி வெச்சோம். 1977-ல் யுரேனஸைச் சுற்றி வளையம் இருக்குன்னு கண்டுபிடிச்சதுல காவலூருக்கும் பங்கு உண்டு. யுரேனஸ் வரைக்கும் தெரிஞ்ச நமக்கு, பக்கத்துல இருக்கற நெல்லிவாசல் நாடும் புங்கம்பட்டு நாடும் தெரியாது. நான் படிச்ச பள்ளிக்கூடத்துல அந்தப் பெயர்களை யாரும் உச்சரிச்சதே இல்லை.

எப்போ தெரிஞ்சுகிட்டோம்? 2015 ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டுல ஆந்திர போலீஸ் சுட்டு 20 தமிழர்கள் செத்தாங்க. அதில் பலர் ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பக்கத்து ஆட்கள். மரம் வெட்டற கூலின்னு ஒரே வார்த்தையில அவங்க கதையை முடிச்சோம். காட்டைப் பற்றி அவங்களுக்குத் தெரிஞ்சதுல கோடாலி பிடிக்கறதுக்கு மட்டும்தான் சந்தையில விலை இருந்தது.

"சோறு போடுமா"ன்னு கேட்ட நண்பரே, மத்த படிப்பை நிறுத்தச் சொன்னேனா? ஸ்ரீபதி 2024-ல் சிவில் நீதிபதி தேர்வுல ஜெயிச்சப்போ நானும்தான் கொண்டாடினேன். சட்டமும் படிக்கட்டும், டாக்டருக்கும் படிக்கட்டும். ஆனா மேல வர்றதுக்கு விலையா தன் ஊர்ப் பேச்சை வாசல்ல கழட்டி வெச்சுட்டு வான்னு சொல்லாதீங்க. பி.ஏ. தமிழ் இலக்கியத்தைப் பார்த்து சோறு போடுமான்னு கேட்டா நமக்குக் கோபம் வருதில்ல?

அமெரிக்கா பணக்கார நாடுன்னும் சொல்ல வேணாம். குஜராத்துல தேஜ்கட்ல கணேஷ் தேவி ஆதிவாசி அகாடமியை உருவாக்கிக் காட்டினார். அமர்கண்டக்ல மத்திய பழங்குடிப் பல்கலைக்கழகம் சட்டம் 2007-லேயே வந்தாச்சு.

என் கோரிக்கை சின்னது. வேலூர்ல திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002-ல் இருந்து இருக்கு. அங்க ஒரு டிப்ளமோவுல தொடங்கட்டும். வகுப்பு மலை மேல நடக்கணும். சாமை விதைப்பு, நடுகல், கல்வட்டம், ஊர் நாட்டாமை முறை, ஆயா கதைகள் எல்லாம் பாடம். சொல்லித் தர்ற பெரியவங்ககிட்ட பட்டம் கேட்காம சம்பளம் கொடுக்கணும். முக்கியமா, ஆம்பூர்க்காரனுக்கும் சீட் வேணும். முதல் அப்ளிகேஷன் என்னோடது.

அந்தப் பையன் இப்போ எங்க இருக்கான்னு தெரியலை. அவங்க ஆயா இருக்க வாய்ப்பில்லை. அந்த ஏழு நாய்க்கும் அவங்க கதையில என்ன ஆச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. மலைப் பக்கத்துப் பதிவர் யாராவது இதைப் படிச்சா, பின்னூட்டத்துல உங்க ஆயா சொன்னதை எழுதுங்க.

டிஸ்கி: நண்பர் இந்தப் பதிவைப் படிப்பார்னு தெரியும். அண்ணே, டீ காசு நான்தான் கொடுத்தேன். :-)