செட் கொண்டுவர முன் கொஞ்சம் பேசுவோம்



போன கிழமை லண்டனில் இருக்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். மேசையில் கையடக்கமான இரண்டு வானொலிக் கருவிகள், பக்கத்தில் ஒரு முழத்துக்கும் குறைவான றப்பர் அன்டனாக்கள். கூடவே ஒரு குரல் பதிவு: "சேர், இது சீபீ ரேடியோ. நோன்புக்கு ஊருக்கு வரக்குள்ள நாலு செட் கொண்டு வரட்டா? பள்ளிக்கு ரெண்டு, ஸ்கூலுக்கு ரெண்டு. அடுத்த மாரிக்கு ஃபோன் போனாலும் பயமில்ல."

நல்ல மனசுக்காரப் பிள்ளை. வகுப்பில் பின்வரிசையில் இருந்து பழைய ரேடியோக்களைக் கழற்றிக்கொண்டிருந்தவர்தான். அந்தப் படத்தை யாரோ ஊர்க் குழுமத்தில் போட, மாஷா அல்லாஹ் என்று ஒரு வரிசை, "இதெல்லாம் வைத்திருந்தால் உள்ளே போடுவாங்க" என்று இன்னொரு வரிசை. இரண்டு பக்கமும் பாதி சரி. விஞ்ஞானம் படிப்பிக்கும் நாங்கள் ஸ்டாஃப் ரூமில் மூன்று நாளாக இதைத்தான் பேசினோம். எங்கள் கருத்தை இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தத் தம்பியின் கவலை வீண் கவலை அல்ல. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவைப் பற்றி நம் மூத்தவர்கள் இன்றைக்கும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தபோது நம்மில் பலர் ஒரு மையித்தைத் தேடி இன்னொரு மையித்தைப் புரட்டிப் பார்த்தவர்கள். 2024 நவம்பரில் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரத்தோடு வெள்ளம் அடித்துச் சென்ற மத்ரசாப் பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. ஒரு கருவி இருந்திருந்தால் அவர்கள் தப்பியிருப்பார்கள் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை, சொல்லவும் மாட்டோம். ஆனால் வீதியின் ஒரு முனையில் தண்ணீர் எவ்வளவு உயரம் என்பது மறுமுனையில் நிற்பவருக்கு உடனே தெரிய ஒரு வழி வேண்டும். அதை யாரும் மறுக்க முடியாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது, படிப்புக்கும் வியாபாரத்துக்கும் கண்டிப் பக்கம் போயிருந்த பிள்ளைகளின் குரலைக் கேட்காமல் உம்மாமார் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் இருந்ததைப் பார்த்தோம். கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரின் பற்றரியும் இறங்கிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு விலையான ஃபோனும் வெறும் டோர்ச்தான்.

சரி, அந்தச் சீபீ ரேடியோ என்ன செய்யும்? அமெரிக்காவில் சாதாரண மக்கள் பரீட்சை எழுதாமல் தங்களுக்குள் பேசிக்கொள்ள 1958இல் 27 மெகாஹேர்ட்ஸ் பக்கம் ஓர் இடம் ஒதுக்கினார்கள். 1973 எண்ணெய்த் தட்டுப்பாட்டின்போது எந்த ஷெட்டில் டீசல் இருக்கிறது என்று லொறிக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்தான் அது பெரும் பெயர் எடுத்தது. இங்கிலாந்தில் 1981இல் சட்டபூர்வமாக்கினார்கள். 2006இலிருந்து அங்கே அதற்கு உரிமமும் தேவையில்லை. அதனால்தான் நம் தம்பி கடையில் போய் வாங்கிவிட்டார். டவர் வேண்டாம், சிம் வேண்டாம், மாதக் காசும் வேண்டாம். ஒரு கருவியிலிருந்து மற்றதற்கு நேரடியாகப் போகும்.

கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போடும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 300ஐ 27ஆல் வகுத்தால் 11 மீற்றருக்குக் கொஞ்சம் மேலே. அதுதான் அந்த அலையின் நீளம். அன்டனா ஒழுங்காக வேலை செய்ய அதில் காற்பங்காவது இருக்க வேண்டும், அதாவது ஏறத்தாழ இரண்டே முக்கால் மீற்றர். மாங்காய் பறிக்கும் தொரட்டி அளவு. கையடக்கக் கருவியில் இருப்பதோ ஒரு சாண், ஒன்றரைச் சாண் றப்பர் குச்சி. உள்ளே கம்பியைச் சுருளாகச் சுற்றி அன்டனாவை ஏமாற்றி வைத்திருக்கிறார்கள். 4 வாற்று என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அதில் பெரும்பகுதி காற்றில் போவதில்லை. வீடுகள் நெருங்கிய நம் ஊரில், கையிலிருந்து கைக்கு ஒன்று இரண்டு கிலோமீற்றர் கிடைத்தால் அல்ஹம்துலில்லாஹ். பள்ளியின் மேல்மாடியில் நின்றால் கொஞ்சம் கூடும். கொங்கிறீட் சுவருக்குள் நின்றால் பக்கத்து ஒழுங்கையும் கேட்காது.

தம்பியே ஒரு கதை சொன்னார். நண்பர்கள் இரண்டு காரில் வேல்ஸ் மலைப் பக்கம் போயிருக்கிறார்கள். ஃபோன் சிக்னல் இல்லாத இடம். இரண்டு காரிலும் ஒரே மாதிரி செட், இரண்டிலும் சனல் 19. ஒரு மணித்தியாலம் மாறி மாறிக் கத்தியும் ஒரு சத்தமும் இல்லை. கடைசியில் ஒரு பெற்றோல் ஷெட்டில் சந்தித்துப் பார்த்தால், ஒரு செட் இங்கிலாந்து அமைப்பில், மற்றது ஐரோப்பிய அமைப்பில். திரையில் இரண்டும் 19தான். உள்ளே ஒன்று 27.78125இல், மற்றது 27.185இல். ஒரே வீட்டு இலக்கம், ஆனால் வேறு தெரு. செட்டை முதன்முதல் போடும்போது எந்த நாட்டு அமைப்பு என்று தெரிவு செய்ய வேண்டும், அதை ஒருவர் விட்டுவிட்டார். சுற்றுலாவில் இது சிரிக்கிற கதை. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு இப்படி நடந்தால் என்ன சொல்வோம்?

எங்கள் பயமே இதுதான். நாலு செட் வரும், போட்டோ எடுப்போம், பள்ளி நிருவாகத்திடம் கையளிப்போம், முகநூலில் பதிவு போடுவோம். பிறகு அது அலுமாரியில் படுக்கும். பற்றரியை உள்ளேயே விட்டுவிடுவார்கள், உப்புக் காற்று தெரியும்தானே, ஒரு வருடத்தில் அது ஊறிப் பச்சை பிடித்துவிடும். தேவையான இரவில் ஒருவர் எடுத்து ஸ்க்வெல்ச் குமிழை முழுதாகத் திருகிவிட்டு "ஹலோ ஹலோ" என்பார். ஸ்க்வெல்ச் என்பது இரைச்சலை அடைக்கும் கதவு. இரைச்சல் நிற்கும் இடத்தோடு நிறுத்த வேண்டும். அதற்கு மேல் திருகினால் தூரத்திலிருந்து வரும் மெல்லிய குரலையும் அது வெளியே நிறுத்திவிடும். ஆபத்து நேரத்தில் இரைச்சலைச் சகித்துக்கொண்டு கதவைத் திறந்தே வைத்திருப்பது நல்லது. பொத்தானை அமத்தியவுடன் பேசத் தொடங்கினால் முதல் சொல் வெட்டுப்படும். "தண்ணீர் வரவில்லை" என்பதில் எந்தச் சொல் வெட்டுப்பட்டாலும் விபரீதம்தான். ஒரு நொடி பொறுத்து, நாலு விரல் தூரத்தில் வாயை வைத்து, சாதாரணக் குரலில் பேச வேண்டும். பேசி முடித்ததும் பொத்தானை விட வேண்டும், விட்டால்தான் மற்றவர் பேசலாம். அன்டனாவை நேராக நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், படுக்க வைக்கக் கூடாது. அன்டனாவைப் பூட்டாமல் பொத்தானை அமத்தினால் உள்ளேயிருக்கும் ட்ரான்சிஸ்டர் எரிந்துபோகும். கேட்டுக்கொண்டிருக்க ஒரு துளி மின்சாரம் போதும், பேசும்போது ஓர் அம்பியர் அளவு குடிக்கும். ஆகவே வளவளவென்று பேசினால் சுபஹுக்கு முன் பற்றரி முடிந்துவிடும். இதெல்லாம் பெரிய வித்தையில்லை, இரண்டு பின்னேரத்தில் பழகிவிடலாம். ஆனால் பழக வேண்டும். செட் ஒன்றும் தாயத்து அல்ல, வீட்டில் தொங்கவிட்டால் பாதுகாக்க.

இன்னொன்றும் இருக்கிறது. சூரியன் கொந்தளிப்பாக இருக்கும் வருடங்களில் 27 மெகாஹேர்ட்ஸ் அலை வானத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரம் இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளவன் பேச்சைப் பகலில் கொண்டுவந்து கொட்டும். அந்த நேரம் அடுத்த குறிச்சிக்காரரின் குரல் அதற்குள் அமுங்கிப்போகும். ரேடியோ பைத்தியங்களுக்கு அது பெருநாள். நமக்கு அல்ல.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நம் நாட்டில் அலை பரப்பும் கருவியை வைத்திருக்கவும் பாவிக்கவும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இங்கிலாந்தில் உரிமம் வேண்டாம் என்பது கட்டுநாயக்கவில் செல்லாது. சூட்கேசில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவருகிறேன் என்று சொல்லும் பிள்ளைகளுக்கு எங்கள் பதில் ஒன்றுதான்: வேண்டாம், மகன்.

சட்டத்துக்குப் பின்னால் இன்னொரு விடயமும் இருக்கிறது. வெளிப்படையாகவே பேசுவோம். யுத்த காலத்தில் கையில் வோக்கி டோக்கியோடு பிடிபட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வீடு வீடாகத் தேடுதல் நடந்த நாட்களில், சமையல் கத்தியைக்கூட எங்கே வைப்பது என்று தெரியாமல் நம் பெண்கள் தவித்தார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. "நமக்கேன் இந்த வம்பு" என்று மூத்தவர்கள் சொன்னால் அவர்களைக் கோழை என்று சொல்லாதீர்கள், பட்டவர்கள். ஆனால் அந்தப் பயத்துக்குப் பதில் ஒளித்துக் கொண்டுவருவதும் அல்ல, எதுவும் வேண்டாம் என்று கையைக் கட்டிக்கொள்வதும் அல்ல. எல்லாருக்கும் தெரிய, கடிதம் எழுதி, கையெழுத்து வாங்கிச் செய்வதுதான். உரிமத் தாளைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி வைக்கும் கருவியைப் பார்த்து யார் என்ன கேட்கப்போகிறார்கள்?

அப்படியென்றால் எதற்கு விண்ணப்பிப்பது? சீபீக்குப் பின்னால் ஓட வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். அமெச்சூர் வானொலி இந்த நாட்டில் பழைய, சட்டபூர்வமான வழி. ஆணைக்குழு நடத்தும் பரீட்சை எழுதி, தொடக்கநிலை உரிமத்திலிருந்து படிப்படியாகப் போகலாம். சுனாமியின்போது இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் அம்பாந்தோட்டைக்குப் போய் அங்கிருந்து கொழும்போடு தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தார்கள். பெரிய நிலையங்களோடு அல்ல, சில கருவிகளும் கம்பி அன்டனாவும் கார் பற்றரியும் வைத்துத்தான் இப்படிப்பட்ட வேலை நடக்கும். 144 மெகாஹேர்ட்ஸ் பக்கம் அலை நீளம் இரண்டு மீற்றர்தான், காற்பங்கு என்றால் அரை மீற்றர். கையடக்கக் கருவிக்கு அந்த அளவுதான் பொருந்தும். மேலே போட்ட அதே கணக்கு. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பரீட்சைப் பாடத்தில் பாதி ஏற்கனவே தெரிந்ததுதான். வருடத்துக்கு ஐந்து பேர் எழுதினாலும் சில வருடங்களில் ஊரில் இருபது பேர் இருப்பார்கள்.

அதோடு நமக்குள்ளேயே இருப்பதை மறந்துவிட்டோம். ஆழ்கடல் படகுகளில் வானொலி இருக்கிறது, அதைப் பேசத் தெரிந்த காக்காமார் நம் கடற்கரையில் தினமும் வெற்றிலை போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். புயல் நேரத்தில் கரையிலிருந்து கடலுக்குச் செய்தி சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். எங்கள் வகுப்புக்கு முதல் ஆசிரியர் அவர்களாகத்தான் இருக்க வேண்டும், நாங்கள் பின்வாங்கில் இருக்கிறோம்.

யாருடைய கையில் கருவி இருப்பது என்பதிலும் எங்களுக்குக் கருத்து உண்டு. பள்ளியில் ஒன்று இருக்கட்டும், நல்லது. ஆனால் வெள்ளம் வந்தால் பெண்களும் பிள்ளைகளும் வந்து சேர்வது பாடசாலைக்குத்தான். அங்கே பால்மா முடிந்ததும், யாருக்கோ பிரசவ வலி வந்ததும் ஆண்கள் கூட்டத்துக்குக் கடைசியாகத்தான் தெரியவரும். ஆகவே பயிற்சியில் பாதிப் பேர் பெண் பிள்ளைகளாகவும் ஆசிரியைகளாகவும் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டோம். மேல்பக்கத்துத் தமிழ் ஊரின் பாடசாலையையும் இதில் சேர்க்க வேண்டும். வாய்க்கால் தண்ணீர் அவர்கள் வீட்டு வாசலைத் தொட்ட பிறகுதான் நம் பக்கம் வருகிறது. அவர்கள் சொன்னால் நமக்கு இரண்டு மணித்தியாலம் கிடைக்கும். அங்குள்ள விஞ்ஞான ஆசிரியரிடம் பேசிவிட்டோம். "நாங்களும் இதைத்தான் யோசிச்சுக்கொண்டிருந்தம்" என்றார்.

காசு பற்றிக் கேட்பவர்களுக்கு: முதல் ஆறு மாதத்துக்குக் காசே வேண்டாம். பரீட்சைப் பாடத்தைப் படிக்க வேண்டும். பிரதேச செயலகத்துக்கும் மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கும் கடிதம் எழுத வேண்டும். செட் அதற்குப் பிறகு.

லண்டன் தம்பிக்குக் குரல் பதிவு போட்டுவிட்டோம். கொஞ்சம் மனம் நோகத்தான் செய்தது அவருக்கு. பிறகு, "அப்ப சேர், எக்ஸாம் புத்தகம் ஏதாவது கொண்டு வரட்டா?" என்று கேட்டார். கொண்டு வாருங்கள் மகன், இரண்டு பிரதி.

விருப்பமுள்ள பெற்றோர் பிள்ளைகளின் பெயரை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். கடற்கரைக் காக்காமாரில் யாராவது சனிக்கிழமை அஸருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் தர முடியுமென்றால் கீழே எழுதுங்கள். தேத்தண்ணி எங்கள் பொறுப்பு.